பென்சிலக்கா அடித்த வரி

பென்சிலக்காவைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. ஆனால் அவள் வீட்டு மாடிப்படி ஏறிப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், எண்ணுவதற்கு ஒரு கை விரல்களே அதிகம். இரண்டு அறை. முன்னறையில் ஒரு மேஜையும் வானொலியும். உள்ளறையில் கட்டிலும் அடுப்பும். தண்ணீர் குடிக்க இரண்டு டம்ளர் வைத்திருந்தாள். ஒன்று தேய்ந்து நெளிந்து போயிருக்கும். இன்னொன்று கடையில் வாங்கினபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது, அவள் தம்பி தலைவராக இருக்கிற பிரார்த்தனைக் கூடத்துப் பிள்ளைகள். சும்மா வைக்கவில்லை. இந்த நாடு நாடாவதற்கு முன்னால், சட்டம் எழுதுகிறோம் என்று நூற்றுச் சொச்சம் பேர் ஒரு மண்டபத்தில் கூடி ஒன்றரை வருஷம் தொண்டை கிழியக் கத்தினார்களே, அந்தக் கத்தலையெல்லாம் ஒரு வார்த்தை சிந்தாமல் சுருக்கெழுத்தில் எடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. அப்போது அவளுக்கு வயது இருபத்து நான்கு. அவைத் தலைவரின் மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேஜை, அதன்மேல் ஆறு சீவின பென்சில். பேனா மை தீரும், கசியும், நல்ல சமயத்தில் கழுத்தை அறுக்கும். அதனால் பென்சில். இன்றைக்கு எழுபத்தாறு வயதிலும் காய்கறிச் சீட்டைக்கூட அவள் பென்சிலில்தான் எழுதுவாள்.

அந்த வேலையின் முறையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவள் செய்த காரியம் புரியாது. ஒருவர் பத்து நிமிஷம் எடுப்பார். அவர் முடிப்பதற்கு அரை நிமிஷம் இருக்கும்போதே அடுத்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட வேண்டும். ஆள் மாறுகிற சந்தடியில் வார்த்தை தவறக் கூடாது அல்லவா? ஆக, அந்த அரை நிமிஷம் இரண்டு பேர் குறிப்பிலும் இருக்கும். பிறகு தட்டச்சு அறையில் தாள்களைச் சேர்க்கும்போது ஒன்றை அடித்துவிட வேண்டும். தகராறு வராமல் இருக்க ஒரு விதி: பின்னால் வந்தவர் குறிப்புதான் செல்லும், முன்னவருடையதை அடிப்பதும் அவரே. கைதட்டல், சிரிப்பு, வெளிநடப்பு மாதிரிப் பேச்சாக இல்லாத காரியங்களை அடைப்புக்குறிக்குள் நாலு வார்த்தையில் எழுத வேண்டும். கேட்டதையும் கண்டதையும் தவிர வேறெதையும் எழுதக் கூடாது.

அவளுக்கு முன் முறை எடுப்பவனை எல்லோரும் நெட்டையன் என்பார்கள். தட்டச்சு அறை நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவன் உள்ளே வந்த நாள் குறைவு. ஒன்றரை வருஷம் அவன் எழுந்ததும் பக்கத்திலிருந்து நகர்ந்து அவன் நாற்காலியின் சூட்டில் உட்கார்ந்தவள் அவள். அழகுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே சூடாக இருக்கும். பள்ளியில் சுருக்கெழுத்து எல்லோருக்கும் ஒன்றாகத்தான் சொல்லித் தருவார்கள். இரண்டு வருஷம் வேகமாக எழுதினால் ஆளுக்கொரு கோணல் வந்துவிடும். நெட்டையனின் கோணலை அவளைத் தவிர ஒரு ஆள் படிக்க முடியாது. அவனுக்கு அவள்மேல் ஆசை. அவளுக்கு மட்டும் இல்லையா என்ன? இருந்தது. ஒரே ஒரு இடைஞ்சல், அவனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அவளுடைய அப்பாவோ அப்போது அதே பிரார்த்தனைக் கூடத்துக்குத் தலைவர்.

"ஒரு நாள் கூடத்துக்கு வந்து நில்லுங்களேன். அப்பா மனசு இளகிடும்" என்றாள் அவள்.

"நின்னா போதுமா?"

"வேண்டிக்கவும் வேணும்."

"நிக்கிறது வரும். மத்தது வராதே" என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அப்போதைக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை இரண்டு பேருக்கும்.

சட்டமெல்லாம் ஒருவாறு முடிந்து, கடைசியில் முதல் வரிக்கு வந்தார்கள். அங்கேதான் பிடித்தது சனியன். முதல் வரியில் கடவுள் பெயர் வேண்டும் என்று பாதிப் பேர். கூடாது என்று பாதிப் பேர். பதினோரு நாள் நடந்தது அந்தச் சண்டை. "அவன் பேரைச் சொல்லாம ஆரம்பிச்ச காரியம் விளங்குமா?" என்றார் ஒருவர். "இன்னிக்கு அவன் பேர் போடுவோம், நாளைக்கு எந்த அவன்னு கேப்பீங்க, மறுநாள் வெட்டுக்குத்துதான்" என்றார் எதிரே இருந்தவர். வயதான உறுப்பினர் ஒருவர் எழுந்து, "கடவுளுக்கு நம்ம சிபாரிசு எதுக்குங்க?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அவளே அடைப்புக்குறிக்குள் "சிரிப்பு" என்று எழுதினாள், சிரிக்காமல்.

வீட்டில் அப்பா படுத்த படுக்கை. ஈரலில் கோளாறு, நாள் குறித்தாகிவிட்டது. தினமும் அவள் வேலை முடிந்து வந்ததும் கேட்பார்: "போட்டுட்டாங்களா?" இல்லை என்று அவள் தலையை ஆட்டுவாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பார். கடைசியில் வாக்கெடுப்பு. அறுபத்தொரு பேர் கூடாது என்றார்கள், ஐம்பத்தெட்டு பேர் வேண்டும் என்றார்கள். மூன்றே மூன்று வாக்கில் கடவுள் பெயர் போனது. அன்றைக்கு அவள் அப்பாவிடம், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொய் சொன்னாள்.

மறுநாள் கடைசி நாள். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. தோற்றவர்கள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தார்கள். அவைத் தலைவர் மெதுவாக எழுந்தார். நெட்டையனின் பத்து நிமிஷம் முடிகிற நேரம். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். "எழுந்து நிற்போம், ஒரு நிமிஷம்" என்றார் தலைவர். அவள் அதை எழுதினாள். பிறந்ததிலிருந்து கூடத்தில் அந்த வார்த்தையைக் கேட்டதும் கண்ணை மூடிப் பழகினவள். கண் தானாக மூடிக்கொண்டது. அப்பாவுக்காக வேண்டிக்கொண்டாள். தலைவர் மேலே என்னவோ சொன்னது காதில் விழுந்தது. கை எழுதவில்லை. அவள் கண்ணைத் திறந்தபோது எல்லோரும் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அவள் அடைப்புக்குறி போட்டு எழுதினாள்: "அவையோர் எழுந்து நின்று கடவுளை வேண்டினர்."

அதுவரைக்கும் தவறு என்று சொல்லலாம். மனுஷி கண்ணை மூடினாள், கை நின்றது, ஆகிற காரியம்தான். ஆனால் தட்டச்சு அறையில் தாள் சேர்க்கும்போது நெட்டையனின் குறிப்பேடு எதிரே இருந்தது. அதில் தலைவர் சொன்னது முழுக்க இருந்தது: "எழுந்து நிற்போம், ஒரு நிமிஷம். நம்புகிறவர்கள் வேண்டிக்கொள்ளட்டும், நம்பாதவர்கள் யோசிக்கட்டும். இந்த நாட்டில் இரண்டு பேருக்கும் ஒரே இடம்தான்." அவள் அதைப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். பிறகு விதிப்படி பென்சிலை எடுத்து அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

நெட்டையன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். "அது உங்க குறிப்பில இல்லையே. இல்லாததை எப்படி அடிப்பீங்க?"

"பின்னால வந்தவங்க குறிப்புதான் செல்லும். விதி அதுதானே?"

"விதியை நான் கேக்கலை. அவர் சொன்னாரா இல்லையா?"

"எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாங்க. வேற என்ன பண்ணியிருப்பாங்க?" என்று அவள் சிடுசிடுத்தாள்.

அவன் தன் குறிப்பேட்டை மூடினான். பிறகு, "உங்கப்பாவுக்காக நான் கூடத்துக்கு வந்து நிக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா நின்னா, நான் வேண்டினேன்னு நீங்க எழுதிடுவீங்க" என்று சொல்லிவிட்டுக் குறிப்பேட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனான். குறிப்பேட்டை அலுவலகத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும். அவன் ஒப்படைக்கவில்லை. அடுத்த மாதமே வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அப்பாவிடம் மறுநாள் அச்சான அறிக்கையைக் காட்டினாள். அவர் அந்த அடைப்புக்குறியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "முதல் வரியில இல்லாட்டி என்ன, வேண்டிக்கிட்டுத்தானே ஆரம்பிச்சிருக்காங்க" என்று சொல்லி அழுதார். நான்கு நாள் கழித்து, அந்தத் தாள் தலையணைக்கு அடியில் இருக்க, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் அவள் எந்த வாயால் அதைத் திருத்துவாள்?

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கேட்டு வந்தவர்களை வேண்டாம் என்றாள், பிறகு கேட்டு வருவது நின்றது. சட்டமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். அப்பாவுக்குப் பின் தம்பி வளர்ந்து ஆளாகிக் கூடத்துக்குத் தலைவரானான். அக்கா எழுதின வரியைக் கூடத்துச் சுவரில் கல்லில் வெட்டி வைத்தவன் அவன்தான். நாடு பிறந்த நாள் வந்தால் அவளை முதல் வரிசையில் உட்கார வைத்து, "இந்தக் கைதான் அதை எழுதின கை" என்று தூக்கிக் காட்டுவான். ஜனங்கள் அந்தக் கையைத் தொட வருவார்கள். அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்ப்பாள். ஆனாலும் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நாலு பேர் அவளைத் தொடுகிற நாள். அதனால் போவாள். தினமும் தம்பி வீட்டிலிருந்து டிபன் கேரியரில் சாப்பாடு வரும். முட்டி வலி வந்தால் கூடத்துப் பெண்கள் தைலம் கொண்டுவந்து தேய்ப்பார்கள். அவளுக்கு இருந்த மனித வாடை அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டு வருஷம் இப்படிப் போனது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள், அச்சான தாள்தான் மிஞ்சியது. கல்லில் இருந்த வரி கல்லில் கிடந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆளுங்கட்சி அதை எடுத்துக்கொண்டது. "வேண்டிக்கொண்டு பிறந்த நாடு இது, நாங்கள் சொல்லவில்லை, அறிக்கையே சொல்கிறது" என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அரசாங்க வேலையில் இருக்கிற அத்தனை பேரும் கடவுள் பெயரில் சத்தியம் செய்ய வேண்டும்; மாட்டேன் என்பவர் வீட்டுக்குப் போகலாம். நீதிமன்றத்தில் சாட்சிகளுக்கு இரண்டு அட்டை இருந்தது, கடவுள் சாட்சியாக என்று ஒன்று, மனசாட்சிப்படி என்று ஒன்று. இரண்டாவது அட்டையை எடுத்துவிட்டார்கள். வானொலியில் இதைக் கேட்ட அன்றைக்குப் பென்சிலக்கா சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தாள்.

சட்டம் வந்து இரண்டு மாதத்தில் ஒரு பிற்பகல், ஐம்பதை நெருங்குகிற ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தாள். வரும்போதே நிலைப்படியில் தலை இடித்தது. பென்சிலக்காவுக்கு அப்போதே தூக்கிவாரிப் போட்டது.

"எங்கப்பாவும் நீங்களும் ஒண்ணா வேலை பார்த்தீங்க. நெட்டையன்னு கூப்பிடுவீங்களாம்" என்றாள் வந்தவள்.

"எப்படி இருக்காரு?"

"அப்பா போய் மூணு வருஷம் ஆச்சும்மா."

பென்சிலக்கா உள்ளே போனாள். தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வருஷமாக அவன் இல்லை, தனக்குத் தெரியாமலே இல்லை என்பதுதான் அவளை அறைந்தது. அந்த மூன்று வருஷத்தில் எத்தனை தடவை மனசுக்குள் அவனோடு சண்டை பிடித்திருப்பாள்! பிறகு அந்தப் புது டம்ளரைக் கழுவி, தண்ணீர் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நெட்டையன் மகள் நகராட்சியில் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தொரு வருஷமாக வேலை பார்க்கிறவள். சத்தியம் செய்ய மாட்டேன் என்றதற்கு வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். "தண்ணியில கிருமி இருக்கா இல்லையான்னு பாக்கிறவ நான். கடவுள் பேரைச் சொன்னா கிருமி கை தூக்கிக் காட்டுமா?" என்றாள். நீதிமன்றத்துக்குப் போயிருந்தாள். ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கும் அதே சத்தியம்தான். அவள் வழக்கில் அவளே வாய் திறக்க முடியாது. பையிலிருந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "கடைசிப் பக்கத்துல, அறிக்கையில வராத ஒரு வரி இருக்குன்னு அப்பா சொல்வாரு. நிபுணருங்க கிட்டக் காட்டினேன், ஒருத்தருக்கும் புரியலை. இதைப் படிக்க உலகத்துல ஒரே ஒரு ஆள்தான் உண்டுன்னு அப்பா சொன்னாரு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

நெட்டையன் மகள் கொஞ்சம் தயங்கினாள். "அவங்க படிக்க மாட்டாங்கன்னும் சொன்னாரு."

பென்சிலக்கா கண்ணாடியைப் போட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். நேற்று எழுதினது போல இருந்தது. ஒவ்வொரு கோணலும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. தலைவரின் வரி முழுக்க இருந்தது, அதன் குறுக்கே அவள் போட்ட கோடும். அதற்குக் கீழே, அன்றைக்கு அவள் கண் போகாத இடத்தில், அவன் விதிப்படி ஒரு அடைப்புக்குறியும் போட்டிருந்தான்: "எல்லோரும் நின்றனர். சிலர் கண் மூடினர்." அவன் பார்த்திருக்கிறான். அவள் மூடினதையும் பார்த்திருக்கிறான்.

"எழுத்து மங்கிப் போச்சும்மா. எனக்கும் கண்ணு சரியில்லை" என்றாள் பென்சிலக்கா.

வந்தவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. "இருக்கட்டும், வெச்சுக்கங்க. வியாழக்கிழமை விசாரணை. முடிஞ்சா பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். படியிறங்கும் சத்தம் நின்ற பிறகும் பென்சிலக்கா அந்தக் குறிப்பேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் தம்பியே வந்துவிட்டான். வழக்குப் போட்டவள் வந்து போனதைத் தெருவில் யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்; அவள் ஒரு குறிப்பேட்டைக் காட்டித் திரிவது ஊருக்கே தெரியும். அறுபத்தெட்டு வயது, தலை முழுக்க நரை, ஆனால் அக்கா எதிரே வந்தால் இன்னும் நின்றுகொண்டுதான் பேசுவான்.

"அந்தப் புத்தகத்தை என்கிட்டக் குடுத்துடுக்கா."

"அதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரிய வேணாம். நீயும் தெரியலைன்னு சொல்லிடு. எழுபத்தாறு வயசுல கண்ணு தெரியலைன்னா யாரு என்ன கேக்கப் போறா?"

"அவங்க எல்லாரும் வேண்டலைடா. தலைவர் அப்படிச் சொல்லவும் இல்லை. நான்தான் அடிச்சேன்."

தம்பி கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தான். முகம் வெளுத்துப்போனது. ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவள் இதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அப்பா அதைப் படிச்சுட்டுத்தான் கண்ணை மூடினாரு" என்றான் மெதுவாக.

"அதுக்காகத்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயேன்! உன் காலம் முடியட்டும், என் காலம் முடியட்டும். நம்ம கூடத்துக்கு வர்றவங்க அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறாங்கக்கா. அவங்க கிட்ட நான் என்ன சொல்வேன்? எங்கக்கா பொய் எழுதிட்டான்னா?" அவன் குரல் உடைந்தது. பிறகு வேறு மாதிரிப் பேசினான். "நீ வியாழக்கிழமை அங்கே போனா, அதுக்கப்புறம் நான் உனக்கு எதுவும் செய்ய முடியாது. கூடத்துல யாரும் விட மாட்டாங்க. நாளைக்கு விழுந்து கிடந்தா யாரு வந்து தூக்குவா? யோசிச்சுக்கோ."

மிரட்டல் என்று அதைச் சொல்ல முடியாது. அவன் பயந்துபோய்தான் சொன்னான். அவள் பயந்துபோய்தான் கேட்டாள். அவன் போன பிறகு வந்த சாப்பாட்டை அவள் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள், இனிமேல் வருமோ வராதோ என்று.

மூன்று நாள் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. குறிப்பேட்டை அலமாரியில் பூட்டுவாள், எடுப்பாள், மறுபடி பூட்டுவாள். ஒரு தடவை அடுப்புப் பக்கத்தில்கூடக் கொண்டுபோனாள். அவளுக்கு நரகத்தைப் பற்றிப் பயம் இல்லை. தனியாகக் கட்டிலில் செத்துக் கிடப்பதைப் பற்றித்தான் பயம். பிரார்த்தனை செய்ய உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவைத் தலைவரை ஏமாற்றினது இருக்கட்டும், நெட்டையனை ஏமாற்றினது இருக்கட்டும். கடவுளுடைய கையெழுத்தை அவரைக் கேட்காமலே ஒரு நாட்டின் தாளில் போட்டவள் அவள். அந்தக் கள்ளக் கையெழுத்தைக் காட்டித்தான் இன்றைக்கு ஒருத்தியின் வேலையைப் பிடுங்குகிறார்கள். அவர் இருக்கிறார் என்று நிஜமாகவே நம்புகிறவள் இதை எப்படிப் பொறுத்துக்கொண்டிருக்க முடியும்? வியாழக்கிழமை காலையில் குறிப்பேட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

நீதிமன்றம் ஒன்றும் பிரமாதமாக இல்லை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், கிறீச்சிடுகிற மின்விசிறி, பின்வரிசையில் தூங்கி வழிகிற இரண்டு பேர். தம்பி வந்திருந்தான், கூடத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேரோடு. அவளைப் பார்த்ததும் அவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது; தங்கள் பக்கம் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெண் ஓடி வந்து கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டாள். தம்பி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நெட்டையன் மகளின் வக்கீல் பென்சிலக்காவைச் சாட்சியாகக் கூப்பிட்டார். சாட்சிக் கூண்டில் அட்டையை நீட்டினார்கள். கடவுள் சாட்சியாக என்கிற அட்டை. அவள் அதைக் கையில் வாங்கி நிறுத்தி நிதானமாகப் படித்தாள். அந்த அறையில் அந்த அட்டைக்கு நடுங்கினவள் அவள் ஒருத்திதான்.

அரசாங்க வக்கீல் சும்மா விடுவாரா? "ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தின கிறுக்கலை இவங்க படிக்கிறாங்கன்னு எப்படி நம்புறது?" என்றார். நீதிபதி குறிப்பேட்டின் நடுவில் எங்கோ ஒரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். துறைமுகத்துக்கு எத்தனை படகுத்துறை வேண்டும் என்று ஒரு உறுப்பினர் அறுத்த அறுவை அது. அவள் இருமல், குறுக்கீடு, ஒருவர் "உட்காருய்யா" என்று கத்தினது உட்பட மடமடவென்று படித்தாள். அச்சான அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு எழுத்து பிசகவில்லை. கூடத்து ஆட்கள் பெருமையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கடைசிப் பக்கம்" என்றார் நீதிபதி.

அவள் படித்தாள். அடித்த வரியையும், அதற்குக் கீழே இருந்த அடைப்புக்குறியையும் படித்தாள். பிறகு யாரும் கேட்காமலே சொன்னாள்: "இதை அடிச்சது நான். என் குறிப்புல இந்த வரி கிடையாது, ஏன்னா நான் கண்ணை மூடிட்டு இருந்தேன். எல்லாரும் வேண்டினாங்கன்னு எழுதினேன். நான் பார்க்கலை. நான் வேண்டினேன், அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

அரசாங்க வக்கீல் எழுந்தார். "நீங்க ஆழ்ந்த பக்தி உள்ளவங்கன்னு கேள்விப்பட்டேன். அப்புறம் ஏம்மா இப்படி?"

"பக்தி இருக்கிறதாலதான் ஐயா சத்தியத்துக்குப் பயப்படறேன்" என்றாள் அவள். "இல்லாதவங்களை அவர் பேர்ல சத்தியம் பண்ணச் சொல்றீங்களே, அவங்க பொய்ச் சத்தியம் பண்ணினா யார் மேல பாவம்?" வக்கீல் காகிதங்களைப் புரட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அவள் கூண்டிலிருந்து இறங்கினபோது கையைப் பிடிக்க யாரும் வரவில்லை. தம்பியும் கூடத்து ஆட்களும் இருந்த பெஞ்சு காலியாக இருந்தது. நெட்டையன் மகள் வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு தன் வக்கீல் கூப்பிட்டார் என்று போனாள். பென்சிலக்கா படியை ஒவ்வொன்றாகப் பிடித்து இறங்கி, பஸ் நிறுத்தம் எங்கே என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்கு டிபன் கேரியர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவள் ரொட்டி வாங்கி வந்து வைத்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. அந்தச் சத்தியம் செல்லாது என்றார்கள். எடுத்த அட்டையைத் திரும்ப வைக்கச் சொன்னார்கள். நெட்டையன் மகள் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் செய்தாள். "வேலைக்கு வந்துட்டேம்மா, சத்தியம் இல்லாமலே" என்றாள். குரலில் அத்தனை சந்தோஷம். ஒரு நாள் வருகிறேன் என்றாள். அவளுக்கு வீடு, பிள்ளைகள், இரண்டு மாதத்து வேலை பாக்கி. வரவில்லை. பென்சிலக்கா அதைத் தப்பாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிற்பகல் நேரத்தில் படியில் சத்தம் கேட்டால் காது மட்டும் அங்கே போய்விட்டு வரும்.

தெருவில் அவளைப் பார்த்தவர்கள் பாதையை மாற்றிக்கொண்டு போனார்கள். கூடத்துப் பிள்ளைகள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரு நாள் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அவளுக்கு மறுநாள் காய்கறிக்காரனிடம் வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது. தொண்டை கட்டிப்போயிருந்தது.

இப்படி ஒன்றரை மாதம் போன பிறகு, ஒரு பிரார்த்தனை நாளன்று அவள் குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, கூடத்துக்குப் போனாள். எதற்குப் போனாள் என்று கேட்டால்? அவள் கும்பிடுகிற கடவுள் அங்கேதான் இருக்கிறார், வேறு எங்கே போவாள்? சுவரில் அந்தக் கல் இருந்த இடத்தில் புதுச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த பெஞ்சில் ஏற்கெனவே இருந்த மூன்று பேர் எழுந்து முன்னால் போனார்கள். யாரும் அவளை வெளியே போகச் சொல்லவில்லை.

பிரார்த்தனையின் முடிவில், யார் யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று தலைவர் ஒரு தாளைப் பார்த்துப் படிப்பது அங்கே வழக்கம். நோயாளிகள், பயணம் போனவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், கடைசியில் வழி தவறிப்போனவர்கள். ஒவ்வொருவரைச் சொன்னதும் எல்லோரும் ஒரே குரலில் "அப்படியே ஆகட்டும்" என்பார்கள். தம்பி படித்துக்கொண்டே வந்தான். கண் பார்வை குறைந்துவிட்டது, தாளை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்திருந்தான். கடைசி பெஞ்சில் யார் இருக்கிறார் என்று அவனுக்குத் தெரியவில்லை. கட்டில் செய்கிற தச்சரின் முதுகு வலிக்கு வேண்டினார்கள். கடலுக்குப் போன இரண்டு பேருக்கு வேண்டினார்கள்.

"வழி தவறிப் போன என் அக்காவுக்காக" என்று அவன் படித்தான்.

"அப்படியே ஆகட்டும்" என்றது கூடம். ஒன்றரை மாதமாக அவளுக்காக அந்தத் தாளில் ஒரு வரி இருந்திருக்கிறது. எல்லோரோடும் சேர்ந்து அவளால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் எழுபது வருஷத்துப் பழக்கம், யாருக்காகச் சொன்னாலும் சொல்லித்தானே ஆக வேண்டும்? எல்லோரும் சொல்லி முடித்துக் கூடம் அடங்கின பிறகு, அவள் குரல் மட்டும் பின்னாலிருந்து தனியாக வந்தது.

"அப்படியே ஆகட்டும்."

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி தாளைக் கீழே இறக்கினான், மறுபடி தூக்கினான். அதில் இன்னும் ஏழெட்டுப் பெயர் இருந்தது. அடுத்த பெயர் எது என்று விரலால் தேடிக்கொண்டு அவன் வெகு நேரம் நின்றான்.